சட்டை எடுத்துக் கொடுக்க ஓர் இளவரசர்! பிரெஞ்சு ராஜாக்களின் இந்தக் கதையெல்லாம் தெரியுமா?

நாலே முக்கால் வயதில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? மண்ணில் விளையாடிக்கொண்டிருந்திருப்பீர்கள். அதே வயதில் ஒரு பையன் பிரான்ஸ் தேசத்துக்கே ராஜா ஆகிவிட்டான், தெரியுமா? அவன்தான் பதினான்காம் லூயி!

1643 மே 14-ஆம் தேதி அப்பா செத்தார், பிள்ளை ராஜா. அன்று ஏறிய சிம்மாசனத்திலிருந்து 1715 செப்டம்பர் 1-ஆம் தேதி உயிர் போகும்வரை இறங்கவே இல்லை. 72 ஆண்டுகள், 110 நாட்கள்! இங்கிலாந்தின் இரண்டாம் எலிசபெத் ராணி அத்தனை காலம் இருந்தாரே, அவராலேயே இந்தச் சாதனையை முறியடிக்க முடியவில்லை. அவர் கணக்கு 70 ஆண்டு சொச்சம்தான்!

அவர் பிறந்ததே ஓர் அதிசயம். அப்பா அம்மாவுக்குக் கல்யாணமாகி 23 ஆண்டுகள் வாரிசே இல்லை! 1638-இல் பிள்ளை பிறந்ததும் ஊரே பட்டாசு கொளுத்தியது. ‘கடவுள் தந்தவன்’ என்று பெயரிலேயே சேர்த்துவிட்டார்கள்!

அப்பாவின் உயிலை நாலு வயசுப் பையன் ரத்து செய்த கதை தெரியுமா? பதின்மூன்றாம் லூயிக்குத் தன் மனைவிமேல் நம்பிக்கை இல்லை. ‘என் காலத்துக்குப் பிறகு ராணி தனியாக ஆளக் கூடாது, ஒரு குழு கூட இருக்க வேண்டும்’ என்று எழுதி வைத்துவிட்டுக் கண்ணை மூடினார். நாலே நாள்! பாரிஸ் உயர்நீதி மன்றத்துக்குப் பையனைத் தூக்கிக்கொண்டு போய் மெத்தைகள் அடுக்கிய ஆசனத்தில் உட்கார வைத்தார்கள். மழலையில் ஒரு வரி பேசினான். மீதியை மந்திரி பேசினார். உயில் காலி!

இதைவிடப் பெரிய வேடிக்கை 72 வருஷம் கழித்து நடந்தது. லூயியும் செத்தார். அவரும் உயில் எழுதியிருந்தார். அதே நீதிமன்றம், செத்த மறுநாளே, அதையும் ரத்து செய்துவிட்டது! ஐரோப்பாவையே நடுங்க வைத்த மனிதரின் கடைசி ஆசை ஒரு பொழுதுகூடத் தாங்கவில்லை!

‘நானே அரசு’ என்று அவர் சொன்னதாகப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்களே? அப்படிச் சொன்னதற்கு ஆதாரமே கிடையாது, தெரியுமா? மரணப் படுக்கையில் சொன்னதாக எழுதி வைத்திருப்பதோ நேர் எதிர்: நான் போகிறேன், அரசு எப்போதும் இருக்கும் என்ற பொருளில்!

சரி, இப்போது அரண்மனைக்குள் போவோம், வாருங்கள்.

எழுந்தால் கூட்டம், படுத்தால் கூட்டம்!

வெர்சேல்ஸ் அரண்மனையில் ராஜா காலையில் கண் விழிப்பது ஒரு நாடகக் காட்சி மாதிரி நடக்கும். முதலில் வைத்தியர்கள். பிறகு நெருங்கிய பிரபுக்கள். பிறகு இன்னொரு கூட்டம். பிறகு அடுத்த கூட்டம். யார் எந்தக் கூட்டத்தோடு உள்ளே வரலாம் என்பதற்கு ஒரு பெரிய வரிசை! ராஜா முகம் துடைப்பதையும், பொய்முடி மாட்டுவதையும் நூறு பேர் வரை நின்று பார்ப்பார்கள்!

சட்டை? அதை ராஜா தானே எடுத்துப் போட்டுக்கொள்ளக் கூடாது! அறையில் இருப்பவர்களில் யார் அந்தஸ்தில் உயர்ந்தவரோ அவர்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். பட்டத்து இளவரசர் இருந்தால் அவர். இல்லையென்றால் அடுத்த இளவரசர். தேசத்தில் யாரை வேண்டுமானாலும் சிறையில் தள்ளக்கூடிய மனிதர், தன் சட்டைக்காகக் கை நீட்டிக்கொண்டு காத்திருந்தார்!

இந்த விதி பிற்பாடு பதினாறாம் லூயியின் மனைவி மரி அந்துவானெத் ராணியை என்ன பாடு படுத்தியது, தெரியுமா? நல்ல குளிர்காலம். ராணி உடுப்பில்லாமல் நிற்கிறாள். பணிப்பெண் உள்ளாடையை நீட்டப் போகிறாள். அந்த நேரம் பார்த்துப் பெரிய குடும்பத்துச் சீமாட்டி ஒருத்தி உள்ளே வருகிறாள். மரியாதை அவளுக்கு! துணி அவள் கைக்கு மாறுகிறது. அடுத்து ராணியின் ஓரகத்தி வருகிறாள். அவள் அதைவிட உசத்தி! பந்தியில் சாம்பார் வாளி கைமாறுவது போல அந்தத் துணி கைமாறிக்கொண்டே இருக்க, ராணி இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நடுங்கினாளாம்! ராணியின் பணிப்பெண் மேடம் காம்பான் நினைவுக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்.

இன்னும் கேளுங்கள். ராஜா காலைக்கடன் கழிக்கும்போது பக்கத்தில் நிற்பதற்குக்கூட அனுமதிச் சீட்டு இருந்தது! மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டிய இடத்தில் நிற்பதற்குப் போட்டி! ஏன் தெரியுமா? ராஜாவிடம் தனியாக ஒரு வார்த்தை பேச அதைவிட நல்ல நேரம் வாய்க்காதே!

ராத்திரி படுக்கப் போகும்போது மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு நிற்பது யார்? தினமும் ராஜா ஒருவரைத் தேர்ந்தெடுப்பார். அந்தப் பாக்கியம் கிடைத்தவர் மறுநாள் முழுக்கத் தலை நிமிர்ந்து நடப்பார்! ஒரு காசு செலவில்லை. ஒரு மெழுகுவர்த்தி. பெரிய பெரிய கோமகன்களெல்லாம் பெட்டிப்பாம்பு! லூயியின் மூளையே மூளை.

உட்காருவதற்கும் சட்டம்! ராணியின் முன்னால் கோமகள்களுக்கு மட்டும் ஒரு முக்காலி. சாய்மானமும் கிடையாது, கைப்பிடியும் கிடையாது. மற்ற பெண்கள் நிற்க வேண்டியதுதான், கால் கடுத்தாலும்! அந்த முக்காலிக்காக நடந்த சண்டைகளை வைத்து ஒரு தனிப் புத்தகமே எழுதலாம்.

ராஜா வீட்டுக் கதவைத் தட்டக் கூடாது, தெரியுமா? சுண்டுவிரல் நகத்தால் சுரண்ட வேண்டும்!

இத்தனைக்கும் அரண்மனைக்குள் சாமானியர்கள் நுழையலாம். நல்ல உடுப்பு வேண்டும், ஆண் என்றால் இடுப்பில் வாள் வேண்டும். வாள் இல்லையா? கவலை வேண்டாம், வாசலிலேயே வாடகைக்குக் கிடைக்கும்!

தட்டுக்கும் ராஜ மரியாதை!

ராஜாவின் சாப்பாடு தெருவைத் தாண்டி வேறொரு கட்டடத்துச் சமையலறையிலிருந்து வரும். முன்னும் பின்னும் காவலர்கள்! வழியில் நிற்பவர்கள் தொப்பியைக் கழற்றி வணங்க வேண்டும். யாரை? வறுத்த கோழியை! இத்தனை ஊர்வலமும் விஷச் சோதனையும் முடிந்து மேஜைக்கு வரும்போது சாப்பாடு ஆறிப்போயிருக்கும்.

ஆறினால் என்ன? நாலு தட்டு சூப், ஒரு முழுக் காட்டுக்கோழி, ஒரு கவுதாரி, பெரிய தட்டு நிறையக் கீரைக் கலவை, ஆட்டுக்கறி, பன்றித் தொடை, ஒரு தட்டு பலகாரம், பழம், அவித்த முட்டை. ஊருக்கு விருந்தா? இல்லை, ஒரே ஆள் ஒரே வேளையில் சாப்பிட்டதைத் தன் கண்ணால் பார்த்ததாக அவருடைய தம்பி மனைவியே கடிதத்தில் எழுதியிருக்கிறார்! அதுவும் முள்கரண்டி இல்லாமல், விரலால் எடுத்துச் சாப்பிடுவதுதான் லூயிக்குப் பிடிக்கும். இந்த ஒரு விஷயத்தில் நம்ம கட்சி!

ராஜாவுக்கு விருந்து போடுவது உயிருக்கே ஆபத்து. 1671 ஏப்ரலில் ஷான்தியீ மாளிகைக்கு லூயி வருகிறார். விருந்துப் பொறுப்பு வாத்தேல் என்பவருக்கு. முதல் நாள் இரவு சில மேஜைகளுக்கு வறுவல் போதவில்லை. வாணவேடிக்கை மேகமூட்டத்தில் மங்கிப்போனது. மறுநாள் வெள்ளிக்கிழமை, கறி கூடாது, மீன் மட்டும்தான். விடியற்காலையில் பார்த்தால் வந்தது இரண்டே சுமை மீன்! மானம் போச்சு என்று தன் அறைக்குப் போனவர் வாளைக் கதவில் ஊன்றி அதன்மேல் பாய்ந்து செத்தே போனார்! அடுத்த சில நிமிஷங்களில் என்ன நடந்தது தெரியுமா? வண்டி வண்டியாக மீன் வந்து இறங்கியது!

ராஜாவுக்கு அறுவை, இசைக்காரருக்குச் சாவு!

1685-இல் லூயிக்குப் பல் வலி. மேல்வரிசைப் பற்களைப் பிடுங்கினார்கள். பல்லோடு தாடை எலும்பும் பெயர்ந்து வந்துவிட்டது! அண்ணத்தில் ஓட்டை. தண்ணீர் குடித்தால் மூக்கு வழியாக வந்தது! அந்த ஓட்டையைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் பல முறை சுட்டார்கள். மயக்க மருந்தே இல்லாத காலம்!

அடுத்த ஆண்டு பவுத்திரம்! உட்கார முடியவில்லை. பெலிக்ஸ் என்ற அறுவை வைத்தியர் ஆஸ்பத்திரியில் கிடந்த ஏழைகளை வைத்துப் பல மாதம் ஒத்திகை பார்த்தார் (அந்தப் பாவப்பட்டவர்களின் பெயர் எந்தச் சரித்திரத்திலும் இல்லை). ராஜாவுக்கென்றே வளைந்த ஒரு கத்தியைப் புதிதாகச் செய்தார். 1686 நவம்பர் 18-ஆம் தேதி அறுவை. லூயி முனகக்கூட இல்லையாம்! அன்று சாயங்காலமே மந்திரிகளைக் கூப்பிட்டுப் பேசினார்!

அந்தக் கத்தி பாரிஸ் மருத்துவ அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. பெலிக்ஸுக்குப் பிரபு பட்டம். இனிதான் கூத்து! ‘எனக்கும் அதே அறுவை வேண்டும்’ என்று நோயே இல்லாத பிரபுக்கள் பலர் வைத்தியர்கள் வீட்டு வாசலில் போய் நின்றார்கள். பின்பக்கம் கட்டுப் போட்டுக்கொண்டு நடப்பது அந்த ஆண்டின் ஃபேஷன்!

ராஜா பிழைத்ததற்காக 1687 ஜனவரியில் நன்றிப் பாடல் கச்சேரி. நடத்தியவர் அரசவை இசை மேதை லூலி. கனமான தடியைத் தரையில் தட்டித் தாளம் போட்டவர், வேகத்தில் தன் கால் விரலிலேயே ஓங்கிக் குத்திக்கொண்டார்! புண் அழுகியது. வெட்டி எடுக்கவும் சம்மதிக்கவில்லை. மார்ச்சில் செத்துப்போனார். கத்தி பட்டவர் பிழைத்தார், பாட்டுப் போட்டவர் போய்விட்டார்!

விசிலடித்தால் தண்ணீர் வரும்!

வெர்சேல்ஸ் முதலில் என்னவாக இருந்தது தெரியுமா? 1623-இல் லூயியின் அப்பா கட்டிய சின்ன வேட்டைக் குடில்! மகன் அதை 2,300 அறை அரண்மனையாக வளரும்படி விதை போட்டார். 1682 மே 6-ஆம் தேதி தர்பார், அரசாங்கம் எல்லாம் அங்கேயே குடிபெயர்ந்தது.

கண்ணாடி மண்டபம் மட்டும் 73 மீட்டர் நீளம், 357 கண்ணாடிகள்! அந்தக் காலத்தில் பெரிய கண்ணாடி செய்யும் ரகசியம் வெனிஸ்காரர்களிடம்தான் இருந்தது. லூயியின் நிதி மந்திரி கோல்பெர் என்ன செய்தார்? அங்கிருந்த தொழிலாளிகளை ஆசை காட்டிக் கடத்தாத குறையாகக் கொண்டுவந்தார்! 1665-இல் அவர் தொடங்கிய கம்பெனி இன்றும் உயிரோடு இருக்கிறது. பெயர்? செயின்ட் கோபைன்! சென்னையை அடுத்த ஸ்ரீபெரும்புதூரில் தொழிற்சாலை வைத்திருக்கிறதே, அதே கண்ணாடிக் கம்பெனிதான்!

தோட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நீரூற்றுகள். ஆனால் தண்ணீர்? போதவே போதாது! அதற்கு ஒரு தந்திரம்: ராஜா உலாவ வரும்போது ஆள் வைத்து விசில் அடிப்பார்கள். முன்னால் உள்ள ஊற்றைத் திற, ராஜா கடந்துபோன ஊற்றை மூடு! பாவம், எல்லாமே எப்போதும் பொங்குகிறது என்று பார்ப்பவருக்குத் தோன்றும்.

இதற்காகவே சேன் ஆற்றில் 14 ராட்சதச் சக்கரங்கள், 200-க்கும் மேற்பட்ட பம்புகள். தண்ணீரைச் சுமார் 160 மீட்டர் உயரம் ஏற்றிய அந்த எந்திரத்தின் சத்தம் ஊரையே தூங்கவிடவில்லை. அப்போதும் தண்ணீர் பற்றவில்லை! யூர் ஆற்றைத் திருப்பிவிடப் போர்வீரர்களைப் பல்லாயிரக்கணக்கில் மண்வெட்டியோடு இறக்கினார். நோயில் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். 1688-இல் போர் வந்து வேலை நின்றது. பாதியில் நின்ற தூண் வளைவுகள் இன்றும் மான்த்னோன் ஊரில் நிற்கின்றன.

கெட்டி வெள்ளியில் மேஜை, கெட்டி வெள்ளியில் விளக்குத் தண்டு, ஆரஞ்சுச் செடித் தொட்டிகூட வெள்ளி! 1689-இல் போர்ச் செலவுக்குக் காசில்லை. அத்தனையும் உருக்கினார்கள். எவ்வளவு தெரியுமா? சுமார் 20 டன்!

ஒரு விருந்து, ஒரு கைது!

1661 ஆகஸ்ட் 17. நிதி அதிகாரி ஃபூக்கே தன் புது மாளிகையில் ராஜாவுக்கு விருந்து வைத்தார். நாடகம், நீரூற்று, வாணவேடிக்கை. ராஜா வீட்டைவிட அழகு! அதுதான் தப்பாகிவிட்டது. 19 நாள் கழித்து, செப்டம்பர் 5, லூயியின் 23-ஆவது பிறந்தநாளில், ஃபூக்கே கைது! பிடித்தவர் யார் தெரியுமா? தார்த்தஞான்! ‘மூன்று மஸ்கட்டியர்’ கதையில் வருவாரே, அவரேதான். நிஜ மனிதர்!

மூன்று ஆண்டு விசாரணை. நீதிபதிகள் ‘நாடு கடத்தினால் போதும்’ என்றார்கள். மன்னிப்பு வழங்கும் அதிகாரம் ராஜாவுக்கு உண்டல்லவா? அதைப் பயன்படுத்தி லூயி தண்டனையைக் கூட்டினார்! ஆயுள் சிறை! உலகத்தில் எங்காவது இப்படிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

அதே சிறையில் ஃபூக்கேவுக்கு வேலைக்காரனாக இருந்த கைதிதான் ‘இரும்பு முகமூடி மனிதன்’ என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். முகமூடி இரும்பே இல்லை, கறுப்பு வெல்வெட் துணி! 1669-இல் பிடிபட்டவன் 1703-இல் பாஸ்டில் சிறையில் சாகும்வரை 34 ஆண்டுகள் அடைபட்டிருந்தான். என்ன குற்றம்? ராஜாவுக்கும் மந்திரிக்கும் மட்டுமே தெரியும்!

ராஜா முத்திரை வைத்த ஒரு கடிதம் போதும், வழக்கில்லாமல் உள்ளே தள்ளலாம். அரசியல் எதிரிகளை மட்டுமா? சொல்பேச்சுக் கேட்காத பிள்ளையை அடைக்கச் சொல்லி அப்பாக்களே மனு போடுவார்கள்! அப்படி அப்பாவால் மறுபடி மறுபடி உள்ளே போன ஒருவர் மிராபோ. பிற்பாடு 1789 புரட்சியில் ராஜாவை எதிர்த்து முழங்கிய அதே மிராபோ!

பாஸ்டில் என்றதும் ஆயிரக்கணக்கான கைதிகள் என்று நினைப்பீர்கள். 1789 ஜூலை 14-ஆம் தேதி கோட்டையை உடைத்தபோது உள்ளே இருந்தது எத்தனை பேர்? ஏழே ஏழு பேர்! அன்று பதினாறாம் லூயி தன் நாட்குறிப்பில் எழுதியது ஒரே சொல்: ‘ஒன்றுமில்லை’. வேட்டையில் எதுவும் சிக்கவில்லையாம்!

இன்னொரு நடுங்க வைக்கும் கதை. 1677-லிருந்து 1682 வரை பாரிஸில் விஷ வழக்கு. மருந்து, மாந்திரீகம் விற்கும் கும்பல் பிடிபட்டது. தோண்டத் தோண்டப் பெரிய இடத்துப் பெயர்கள். கடைசியில் ராஜாவின் ஆசைநாயகி மோந்தெஸ்பான் பெயரே வந்துவிட்டது! விசாரணைக்கு மூடுவிழா. அவள் பெயரைச் சொன்னவர்கள்? வழக்கும் இல்லை, தீர்ப்பும் இல்லை, சாகும்வரை கோட்டைச் சிறையில் சங்கிலி! காகிதங்களை 1709-இல் ராஜாவே நெருப்பில் போட்டார்.

தொட்டால் நோய் தீரும்!

பிரெஞ்சு ராஜா கை பட்டால் கழுத்துக் கழலை குணமாகும் என்று ஜனங்கள் நம்பினார்கள். பதினாறாம் லூயி 1775-இல் முடிசூடியதும் 2,400 நோயாளிகளைத் தொட்டார்! 1825-இல் பத்தாம் சார்லஸ் உட்கார்ந்தபோது வந்தவர்கள் நூற்றிச் சொச்சம் பேர்தான். மவுசு அவ்வளவு குறைந்துவிட்டது!

முடிசூட்டு எண்ணெயைப் புறாவொன்று வானத்திலிருந்து கொண்டுவந்ததாக ஐதீகம். அந்தக் குப்பியை 1793-இல் ரைம்ஸ் நகரச் சதுக்கத்தில் புரட்சிக்காரர் ஒருவர் சுத்தியலால் அடித்துத் தூளாக்கினார். 1825-இல் முடிசூட்டு விழா வந்ததும் ‘சில துண்டுகளை ஒளித்து வைத்திருந்தோம்’ என்று ஆட்கள் கிளம்பி வந்தார்கள் பாருங்கள்!

காசுக்குப் பதவி விற்ற ராஜாக்கள் இவர்கள், தெரியுமா? நீதிபதிப் பதவிக்கு விலை, பொக்கிஷப் பதவிக்கு விலை. சந்தையில் பன்றியின் நாக்கை இழுத்துப் பார்த்து நோய் இருக்கிறதா என்று சோதிக்கும் உத்தியோகத்தைக்கூட விற்றார்கள்! வாங்கியவர் ஆண்டுதோறும் விலையில் அறுபதில் ஒரு பங்கு கட்டினால் பிள்ளைக்கும் எழுதி வைக்கலாம்.

வீட்டில் உப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், எட்டு வயது தாண்டிய ஒவ்வொருவருக்கும் கணக்குப் போட்டு, ஆண்டுக்குச் சுமார் 7 கிலோ அரசாங்க உப்பைக் கொள்ளை விலைக்கு வாங்கியே தீர வேண்டும். பல மாகாணங்களில் இதுதான் சட்டம்! பக்கத்து மாகாணமான பிரிட்டனியில் அதே உப்பு அடிமாட்டு விலை. கடத்திப் பிடிபட்டால் கப்பலில் துடுப்புப் போடும் தண்டனை!

மக்கள் பிரதிநிதிகளின் சபை? 1614-இல் கூடியது. அடுத்து 1789-இல்! நடுவில் 175 ஆண்டுகள் கூப்பிடவே இல்லை. கூப்பிட்டார்கள், புரட்சி வந்துவிட்டது!

நம்ம புதுச்சேரிக்கும் ஒரு பங்கு!

1664-இல் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியைத் தொடங்கியதும் அதே கோல்பெர்தான். 1674-இல் பிரான்சுவா மர்த்தேன் புதுச்சேரியில் கால் ஊன்றினார். 1693-இல் டச்சுக்காரர்கள் பிடித்துக்கொள்ள, 1697-இல் ஐரோப்பாவில் போட்ட ஓர் உடன்படிக்கையில் ஊர் திரும்பி வந்தது! அங்கே கட்டிய ஐங்கோணக் கோட்டைக்கு என்ன பெயர் வைத்தார்கள்? வேறென்ன, லூயி கோட்டை!

1761 ஜனவரியில் புதுச்சேரியை ஆங்கிலேயரிடம் இழந்த தளபதி லாலியின் கதி தெரியுமா? பதினைந்தாம் லூயி காலத்து நீதிமன்றம் துரோகி என்றது. 1766-இல், பேசவிடாமல் வாயைக் கட்டி இழுத்துப்போய், பாரிஸில் தலையை வெட்டினார்கள்! எழுத்தாளர் வால்டேர் விடாமல் எழுதிப் போராட, 1778-இல் அந்தத் தீர்ப்பு செல்லாது என்றானது. தலை போய்ப் பன்னிரண்டு வருஷம் கழித்து!

ஐந்து நாள் ராஜா, இருபது நிமிஷ ராஜா!

பதினான்காம் லூயி எத்தனை வாரிசுகளைப் பறிகொடுத்தார் தெரியுமா? 1711 ஏப்ரலில் மகன், பெரியம்மை. 1712 பிப்ரவரியில் பேரன். மார்ச்சில் மூத்த கொள்ளுப்பேரன். பதினோரு மாதத்துக்குள் மூன்று பட்டத்து இளவரசர்கள் காலி! மிஞ்சியது இரண்டு வயதுக் குழந்தை. அது எப்படிப் பிழைத்தது? வளர்ப்புத் தாய் வான்ததூர் சீமாட்டி வைத்தியர்களை அண்டவே விடவில்லை! ரத்தம் எடுக்க வந்தவர்களைத் துரத்திவிட்டார். அந்தக் குழந்தைதான் பதினைந்தாம் லூயி. அவரும் ஐந்து வயதில் ராஜா!

ஐந்து வயது பெரிதா? 1316 நவம்பரில் பிறந்த முதலாம் ஜான் பிறக்கும்போதே ராஜா! அப்பா முன்பே இறந்திருந்தார். ஐந்தாம் நாள் குழந்தையும் போய்விட்டது. வாழ்ந்த காலம் முழுக்க ராஜாவாகவே வாழ்ந்த ஒரே பிரெஞ்சு மன்னர்!

1830 ஆகஸ்ட் 2-ஆம் தேதி பத்தாம் சார்லஸ் முடி துறந்து கையெழுத்திட்டார். மகன் அதே தாளில் கையெழுத்துப் போடச் சுமார் 20 நிமிஷம் ஆனது. அந்த 20 நிமிஷத்துக்கு அவர் பத்தொன்பதாம் லூயி என்று கணக்குச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்!

கடைசியாக ஒன்று. 1871-இல் பிரான்ஸ் சபையில் ராஜா வேண்டும் என்பவர்களுக்கே பெரும்பான்மை கிடைத்தது! ஆளும் தயார்: ஷாம்போர் பிரபு, பத்தாம் சார்லஸின் பேரன். அவருக்கு ஒரே ஒரு நிபந்தனை: மூவர்ணக் கொடி கூடாது, முன்னோரின் வெள்ளைக் கொடிதான் வேண்டும்! கெஞ்சினார்கள். மசியவில்லை. 1873-லும் அதே பிடிவாதம். ஒரு துணித் துண்டுக்காகச் சிம்மாசனமே போச்சு! அவர் பாரிஸுக்குள் பவனி வரச் செய்த பளபளக்கும் ராஜ வண்டிகள் ஷாம்போர் மாளிகையில் இன்றும் இருக்கின்றன. டிக்கெட் வாங்கினால் நீங்களும் பார்க்கலாம். ஒரு நாள்கூட ஓடாத வண்டிகள்!